மேயருக்குப் போர்த்த முடியாத பொன்னாடை

ஆகஸ்ட் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். சிட்னியின் மேற்குப் பகுதியில் வெப்பம் ஆறு டிகிரி. காற்று இல்லை. புல்லின் மேல் வெள்ளையாகப் பனி. மருமகள் வாங்கிக் கொடுத்த கம்பளிக் குல்லாவுக்கு மேல் திருச்சியிலிருந்து கொண்டுவந்த மஃப்ளரையும் சுற்றிக்கொண்டு பூங்காவில் மூன்றாவது சுற்று நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் கழிப்பறைக் கதவில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன்.

இந்தக் கட்டடத்தை மூடி இடித்துவிடலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது, வரும் புதன்கிழமை மாலை நகராட்சி மன்றம் அதைப் பற்றி முடிவெடுக்கும், கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் பெயர் பதிந்துகொள்ளலாம் என்று அதில் இருந்தது.

பூங்காவின் பெயரையும் நகராட்சியின் பெயரையும் எழுதப்போவதில்லை. என் மகன் அங்கே குடியிருந்தாக வேண்டும். வென்ட்வேர்த்வில்லிலிருந்து அதிக தூரமில்லை என்று மட்டும் சொல்லலாம்.

அந்தக் கழிப்பறையைப் பற்றி நான்கு வரி எழுதாமல் மேலே போக முடியாது. சிவப்புச் செங்கல் கட்டடம். ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு இரண்டு, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஒன்று. தினமும் காலையில் ஒருவர் வேனில் வந்து கழுவிவிட்டுப் போவார். காகிதம் இருக்கும், சோப்பு இருக்கும், விளக்கு எரியும், தாழ்ப்பாள் விழும். காசு கிடையாது. உள்ளாட்சித் தணிக்கைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். தமிழ்நாட்டில் பல நகராட்சிகளின் கணக்கைப் பார்த்திருக்கிறேன். கணக்கில் கட்டி முடித்த கழிப்பறைகளைத் தேடி வெயிலில் அலைந்திருக்கிறேன். இங்கே ஒன்று கண் முன்னால் நின்றது. வந்த நாளிலிருந்து அதில் ஒருமுறைகூடக் குறை எழுத முடியவில்லை. அதைத்தான் இடிக்கப் போகிறார்களாம்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆண்களுக்கு அந்த வயதில் வரும் தொல்லை எனக்கும் உண்டு. ஆனால் நான் ஆறு மாத விசாவில் வந்தவன், அக்டோபரில் ஊருக்குப் போய்விடுவேன். கவலைப்பட வேண்டியவர் வேறு ஒருவர்.

பரிமளம் அன்ரி என்று என் மருமகள் அழைக்கும் அந்த அம்மையாரும் அவர் கணவர் செல்வரத்தினமும் சாவகச்சேரிக்காரர்கள். இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. செல்வரத்தினம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பரிமளத்துக்கு இரண்டு வருடமாக இதயக் கோளாறு. உடம்பில் நீர் சேராமலிருக்க ஒரு மாத்திரை, காலையில் எழுந்ததும் சாப்பிட வேண்டும். கட்டாயம் நடக்க வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரை சாப்பிட்டவர் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று முறை ஒதுங்க வேண்டும். மத்தியானத்துக்குத் தள்ளிப் போட்டால் ராத்திரித் தூக்கம் போய்விடும். ஆகவே இந்தக் கழிப்பறை இருப்பதால்தான் அவர் இந்தப் பூங்காவுக்கு வருகிறார். எங்கள் நடைக் குழுவில் ஒன்பது பேர். அவர் ஒருவர்தான் பெண்.

அறிவிப்பைச் செல்வரத்தினத்துக்கு வாசித்துக் காட்டினேன். பரிமளம் உள்ளே போயிருந்தார். அவர் வெளியே வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல் செல்வரத்தினம் என் பக்கம் குனிந்தார்.

"இது இல்லையெண்டால் அவ வீட்டை விட்டு வெளிக்கிடமாட்டா அண்ணை. போன வருசம் நாலு மாதம் அப்பிடித்தான் கதிரையிலை இருந்தவ. கால் ரெண்டும் தூண் மாதிரி வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனது." கதிரை என்று அவர் சொன்னது நாற்காலியை.

அன்று மாலையே என் மகன் செந்திலிடம் சொன்னேன். அவன் கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமல், "அப்பா, நீங்க விசிட்டர் விசாவுல வந்திருக்கீங்க. லோக்கல் பாலிடிக்ஸ்ல தலையிடாதீங்க," என்றான். இது பாலிடிக்ஸ் இல்லை, கழிப்பறை என்றேன். இந்த ஊரில் அதுதான் பாலிடிக்ஸ் என்றான்.

வெள்ளிக்கிழமை காலை நூலகத்துக்குப் போனேன். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அறிவிப்பில் இருந்ததை நான் நம்பவில்லை. நம் பக்கத்தில் கூட்டப் பொருளைக் கேட்டுக்கொண்டு போகிறவனை, யார் அனுப்பினார்கள் என்று முதலில் விசாரிப்பார்கள். இங்கே நூலகத்துப் பெண் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கணினியில் திறந்து கொடுத்துவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆறு மாடிக் குடியிருப்புக்கு அனுமதி கேட்ட விண்ணப்பம், பள்ளிக்கூடத்துக்கு எதிரே பாதசாரிக் கடவை, பேருந்து நிறுத்தங்களுக்குக் கூரை, நாய்களை அவிழ்த்துவிடும் மைதானத்துக்கு வேலி, பதினான்காவது பொருளாக எங்கள் கழிப்பறை. ஒவ்வொன்றுக்கும் அதிகாரியின் அறிக்கை, வரைபடம், செலவு, மாற்று வழி. எங்கள் பொருளின் ஒன்பது பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டேன். குழாய்கள் பழையவை, பழுது பார்க்கச் செலவாகும், பக்கத்தில் உள்ள வணிக வளாகத்தில் கழிப்பறை இருக்கிறது, அது எண்ணூற்றைம்பது மீட்டர் தூரம் என்றது அறிக்கை.

எண்ணூற்றைம்பது மீட்டர் என்பது சரிதான். அன்றே நடந்து பார்த்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது காலடி வைத்தேன். முழுக்க ஏற்றம். வளாகத்தின் கதவு ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அறிக்கையில் ஏற்றமும் இல்லை, ஒன்பது மணியும் இல்லை. அதை எழுதியவர் வரைபடத்தில் அளந்திருக்கிறார்.

சனிக்கிழமை செல்வரத்தினம் என்னை வென்ட்வேர்த்வில்லுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். பாரமட்டாவில் ரயில் மாறவேண்டும். நான் ஏறிய ரயில் வென்ட்வேர்த்வில்லில் நிற்காது என்பது, அது வென்ட்வேர்த்வில்லைத் தாண்டி வேகமாகப் போனபோதுதான் தெரிந்தது. நேராக பிளாக்டவுன். கையும் காலும் ஓடவில்லை. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ரயில்வே ஊழியர் ஒருவர், ஆறரை அடி உயரம், பசிபிக் தீவுக்காரர் போலிருந்தார், என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். எந்தப் பிளாட்பாரம் என்று சொன்னதோடு நிற்காமல் கூடவே வந்து ஏற்றிவிட்டார். "தாத்தா, இது எல்லா ஊரிலும் நிற்கும், நிம்மதியாக உட்காருங்கள்," என்பதுபோல ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அந்தப் பதற்றத்தில் வென்ட்வேர்த்வில்லில் இறங்கும்போது கம்பத்தில் பயண அட்டையைத் தொட்டுப் பதிய மறந்துவிட்டேன். அப்படி மறந்தால் தூரப் பயணத்துக்கு உரிய கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்துக்கொண்டார்கள்.

நிலையத்துக்கு எதிரே யாழ்ப்பாணத்துக்காரரின் கடை. இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், மீன் குழம்பு. சொதியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. மஞ்சளாக, நீர்த்த மோர்க்குழம்புபோல் இருக்கிறதே என்று நினைத்தேன். மூன்றாவது கரண்டியில் சந்தேகம் போய்விட்டது. பதினொரு இடியப்பம் சாப்பிட்டேன். காசு கொடுக்க செல்வரத்தினம் விடவில்லை.

சாப்பிட்டு வெளியே வந்தபோது பக்கத்துப் புடவைக் கடையின் கண்ணாடிக்குள் பொன்னாடைகள் அடுக்கியிருந்தன. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்த யோசனையால் நடந்ததை எழுதத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

நம் ஊரில் நகராட்சித் தலைவரைக் காரியத்துக்காகப் பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடு போவதில்லை. லஞ்சத்தைச் சொல்லவில்லை. ஒரு எலுமிச்சம்பழம், ஒரு மாலை, வசதியிருந்தால் ஒரு பொன்னாடை. மரியாதை. இங்கேயும் தேர்த் திருவிழாவுக்கு மேயர் வந்திருந்தபோது அவருக்குப் பொன்னாடை போர்த்திய படத்தைத் தமிழ்ச் சங்கத்தின் சுவரில் நானே பார்த்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு கைகூப்பியிருந்தார்.

செல்வரத்தினம் தயங்கினார். "இஞ்சை உப்பிடிச் செய்யிறேல்லை அண்ணை. திருவிழா வேறை, கவுன்சில் வேறை."

மரியாதைக்கு எந்த ஊரிலும் மறுப்பு இருக்காது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அரக்கில் தங்கச் சரிகை போட்டதைத் தேர்ந்தெடுத்தேன். காஷ்மீரக் கம்பளிக் கலவை என்றார் கடைக்காரர். முப்பத்தைந்து டாலர்.

ஞாயிறும் திங்களும் பேச்சு எழுதுவதில் போயின. பேசப்போகிறவர் செல்வரத்தினம். வரி கட்டுகிறவர் அவர்தான். எழுதித் தருவது நான். ஒருவருக்கு மூன்று நிமிடம். முப்பத்து நான்கு வருடம் அரசாங்க ஆங்கிலம் எழுதிய கை, தானாக ஓடியது. மாண்புமிகு மேயர் அவர்களின் கனிவான பார்வைக்கு, பெரு மதிப்புக்குரிய மன்ற உறுப்பினர்களின் சீரிய சேவையை நன்றியுடன் நினைவுகூர்ந்து, பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில் என்று அமைந்தது. நான்கு பக்கம். சுருக்கி இரண்டாக்கினேன். நன்றி சொன்ன பகுதியைக் குறைக்க மனம் வரவில்லை.

திங்கட்கிழமை மாலை அவர்கள் வீட்டு முன்னறையில் ஒத்திகை. செல்வரத்தினம் எழுந்து நின்று வாசித்தார். கழிப்பறை என்ற சொல் வரும் இடத்தில் குரல் இறங்கி, இருமலாக முடிந்தது. இரண்டாம் தடவையும் அதே இடத்தில் இருமல். சமையலறையிலிருந்து பரிமளம் பால்தேநீர் கொண்டுவந்தார்.

"அந்தச் சொல்லைச் சொல்ல உவருக்கு வெக்கம் அண்ணை," என்றார். "நாப்பத்தாறு வருசம் என்னோடை குடும்பம் நடத்தினவர். இன்னும் கதவைத் தட்டி, உள்ளுக்கு இருக்கிறியோ எண்டுதான் கேப்பார்."

"நீர் சும்மா இரும்," என்றார் செல்வரத்தினம்.

"நான் சும்மா இருக்கிறதுக்குத்தானே அவையள் பூட்டப் போகினம்," என்று சொல்லிவிட்டுப் பரிமளம் உள்ளே போனார்.

புதன்கிழமை. மழை வரும் என்று சொல்லி வரவில்லை. ஐந்தரை மணிப் பேருந்தில் ஒன்பது பேரும் கிளம்பினோம். ஓட்டுநர், பரிமளம் உட்காரும் வரை வண்டியை எடுக்கவில்லை. இறங்கும்போது பயணிகள் எல்லோரும் ஓட்டுநருக்கு நன்றி சொன்னார்கள். இதை நான் தினமும் பார்க்கிறேன், தினமும் ஆச்சரியப்படுகிறேன். நம் ஊரில் கண்டக்டருக்கு நன்றி சொன்னால் சில்லறை பாக்கி இருக்கிறதென்று நினைப்பார்.

நகராட்சிக் கட்டடத்தில் எங்களை யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. முன்கூடத்தில் வெந்நீர்க் கொதிகலன், தேயிலைப் பைகள், இரண்டு தட்டில் பிஸ்கட். பொதுமக்களுக்கு. நான் எண்ணாமல் இரண்டு எடுத்துக்கொண்டேன், பிறகு மற்றவர்கள் ஒன்றுதான் எடுப்பதைப் பார்த்து வருத்தப்பட்டேன்.

ஆறு இருபதுக்கு மேயர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்ட பெண்மணி. பின்னால் படை இல்லை, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்து நின்று, வணக்கம் என்று தமிழில் சொன்னார். நான் முன்னால் போய்ப் பொன்னாடையை விரித்தேன். திருவிழாப் பழக்கம் போலும், தன்னையறியாமல் தலையைக் குனிந்தார். போர்த்திவிட்டேன். நம்மவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார்.

பக்கத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். மன்ற நடைமுறைகளைப் பார்த்துக்கொள்கிறவள் என்று பிறகு தெரிந்தது. மிகவும் பணிவாக, ஐயா இன்று எந்த விஷயமாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். பதினான்காவது பொருள், பூங்காக் கழிப்பறை என்று பெருமையோடு சொன்னேன்.

மேயரின் முகம் மாறியது. கோபமில்லை. சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டவர்போல இருந்தது. பொன்னாடையை எடுத்து, நான்காக மடித்து, என் இரண்டு கையிலும் வைத்தார். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"இது மிக அழகாக இருக்கிறது. இன்று இதை நான் வைத்துக்கொண்டால், நீங்கள் கேட்க வந்த விஷயத்துக்கு ஓட்டுப்போட என்னால் முடியாது. அறையை விட்டு வெளியே போய் உட்கார வேண்டியிருக்கும்."

அவர் உள்ளே போய்விட்டார். ஒப்பந்தக்காரரிடம் சுவர்க்கடிகாரம் ஒன்றை அன்பளிப்பாக வாங்கிக்கொண்ட அதிகாரியைப் பற்றி மூன்று பக்கத்துக்குத் தணிக்கைத் தடை என்னும் ஆட்சேபக் குறிப்பு எழுதியவன் நான். அது மரியாதைக்காகக் கொடுத்தது என்று அந்த மனிதர் எவ்வளவோ சொன்னார். விடவில்லை. இன்று நானே கையில் சரிகையோடு நிற்கிறேன். விசா நினைவுக்கு வந்தது. செந்தில் நினைவுக்கு வந்தான்.

"படத்தை அழியும், படத்தை அழியும்," என்று செல்வரத்தினம் போன் வைத்திருந்தவரிடம் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டம் சரியாக ஆறரைக்குத் தொடங்கியது. மேயரோடு சேர்த்துப் பதினொரு உறுப்பினர்கள். இந்த நிலத்தின் ஆதி மக்களுக்கு மரியாதை சொன்னார்கள். அடுத்து, யாருக்காவது ஏதாவது பொருளில் சொந்த நலன் இருந்தால் சொல்லலாம் என்றார்கள். ஓர் உறுப்பினர் எழுந்து, ஆறு மாடிக் கட்டடத்துக்குப் பின் தெருவில் தன் தங்கை வீடு இருக்கிறது, அந்தப் பொருள் வரும்போது வெளியே போய்விடுவேன் என்றார். பிறகு அது வந்தபோது அப்படியே போய், முடிந்ததும் திரும்பி வந்தார். அவரையடுத்து மேயர் பேசினார்.

"பதினான்காவது பொருளுக்காக வந்திருக்கும் ஒரு விருந்தினர், தம் நாட்டு வழக்கப்படி நல்லெண்ணத்தோடு எனக்கு ஒரு சால்வை தந்தார். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டேன். குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்."

என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவுமில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த முப்பது பேரில் எவரும் திரும்பவில்லை. மடியிலிருந்த பொன்னாடையை மஃப்ளருக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, முப்பத்து நான்கு வருடத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை எந்தக் கூட்டக் குறிப்பிலாவது படித்திருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை. நான் பார்த்த மன்றங்களில் அறுபது எழுபது தீர்மானங்களைத் தேநீர் ஆறுவதற்குள் படித்து, ஏற்கப்பட்டது, ஏற்கப்பட்டது என்று முடித்துவிடுவார்கள்.

பொதுமக்கள் முதலில் பேசினார்கள். ஓர் இளம் தகப்பன், தோளில் தூங்கும் குழந்தையோடு, பள்ளிக் கடவையைப் பற்றிப் பேசினார். சக்கர நாற்காலியில் வந்த ஒருவர், புதிய நிறுத்தங்களின் கூரைக்கு அடியில் தன் நாற்காலி திரும்ப இடமில்லை என்றும், வெளியே இத்தனை அங்குலம் துருத்துகிறது என்றும் சொன்னார். மேயர் அதைக் குறித்துக்கொண்டார். எல்லோருக்கும் மூன்று நிமிடம். முடிந்ததும் சிறிய மணி அடிக்கும்.

செல்வரத்தினம் எழுந்து போனார். காகிதத்தை விரித்தார். மாண்புமிகு என்று தொடங்கி, சீரிய சேவையைப் பாராட்டி, இருகரம் கூப்பி, பணிந்து, நிதானமாக வாசித்தார். அந்த மரியாதையெல்லாம் நான் எழுதியது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, நாங்கள் வேண்டிக்கொள்வது என்னவென்றால் என்று அவர் சொன்னபோது மணி அடித்தது.

ஓர் உறுப்பினர் அன்பாகவே கேட்டார். "நன்றி ஐயா. இந்த யோசனையை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?"

செல்வரத்தினம் இருமினார். எதிர்ப்பு என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. பொன்னாடையால் ஒரு ஓட்டு போயிருக்கும். என் ஆங்கிலத்தால் மொத்தக் காரியமும் போயிற்று.

மேயர் அடுத்த பெயரைப் படித்தார். பரிமளம் செல்வரத்தினம்.

செல்வரத்தினம் மனைவியைப் பார்த்தார். அவர் ஏற்கனவே எழுந்துவிட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை, கணவர் குளிக்கும் நேரத்தில், தானே போன் செய்து பெயரைக் கொடுத்திருக்கிறார். கையில் காகிதம் இல்லை. மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார். அவர் பேசியது எளிய ஆங்கிலம்.

"எனக்கு இதய நோய். காலையில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். பிறகு அடிக்கடி கழிப்பறைக்குப் போகவேண்டும். டாக்டர் நட என்கிறார். பூங்காவில் கழிப்பறை இருந்தால் நடப்பேன். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். கடையில் இருக்கிறது என்கிறீர்கள். நான் ஏழு மணிக்கு நடக்கிறேன், கடை ஒன்பது மணிக்குத் திறக்கிறது. இந்த ஊரில் இருபத்திரண்டு வருடம் முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். உங்கள் அம்மாக்களைக் கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப் போனேன். ஒருநாளும் காத்திருக்க வைத்ததில்லை. இப்போது எனக்கு ஒன்று வேண்டும்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மணிக்கு வேலை இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். செல்வரத்தினம் நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணாடி மங்கியிருந்தது.

பதினான்காம் பொருள் வந்தபோது மணி எட்டு. துணை மேயர் இடிக்க வேண்டும் என்றார். அவரும் ஒழுங்காகத்தான் பேசினார். பழுதுக்குப் போகும் பணத்தில் இரண்டு குழந்தைகள் விளையாட்டிடத்துக்கு நிழல் போடலாம், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள நம்மிடம் பணமில்லை, எதை விடுவது என்று சொல்லுங்கள் என்றார். அவருக்குப் பதில் சொன்ன இளைய உறுப்பினர், அதிகாரியிடம் கேட்டார். வணிக வளாகம் எப்போது திறக்கும்? ஒன்பது மணி. அங்கே போகும் பாதை மேடா, சமமா?

அதிகாரி மைக்கை அழுத்தி, "எனக்குத் தெரியவில்லை. பார்த்து எழுத்தில் தருகிறேன்," என்றார்.

எனக்குத் தெரியும். ஏற்றம். ஆயிரத்து நூற்று நாற்பது காலடி. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பார்வையாளர்கள் குறுக்கே பேசக்கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது, ஏற்கனவே ஒருமுறை குறிப்பில் ஏறியவன் நான், வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஓர் உயர் அதிகாரி, சபை நடுவில், தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. இந்த நாட்டில் நான் பார்த்த பாலம், துறைமுகம், கண்ணாடிக் கட்டடம் எல்லாவற்றையும்விட எனக்கு அது பெரிதாகப் பட்டது.

இடிப்பதற்குப் பதிலாகப் பழுது பார்த்து, ஒரு வருடம் கழித்து மறுபடி பரிசீலிப்பது என்று இளைய உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். மேயர் ஓட்டெடுத்தார். ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. எண்ணினேன். ஐந்து. எதிர்ப்புக்கு இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள், துணை மேயரையும் சேர்த்து. மேயர் தன் கையை உயர்த்தினார். ஆறு.

திருத்தம் நிறைவேறியது என்று சொல்லிவிட்டு மேயர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். நாய் மைதானத்து வேலி.

நான் மட்டும் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் அந்தச் சால்வையை மரியாதைக்காக ஏற்றுக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து. தலைமை நாற்காலியில் துணை மேயர். சமமானால் அவர் ஓட்டுதான் தீர்ப்பு. பரிமளம் மறுபடி கதிரையில்.

பேருந்து நிறுத்தத்தில் குளிர் எலும்புக்குள் போனது. பதினான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று பலகை காட்டியது. நம்மவர்கள் எல்லோரும் பரிமளத்தைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். செல்வரத்தினம் மட்டும் சற்றுத் தள்ளி நின்றார். பிறகு வந்து, "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொன்னால் நீங்கள் எனக்கு எழுதித் தந்திருப்பியள்," என்றார் பரிமளம். உடனே என் பக்கம் திரும்பி, "குறை நினையாதேங்கோ அண்ணை. நீங்கள் எழுதினது நல்லாத்தான் இருந்தது. அது கலியாண வீட்டிலை வாசிக்கலாம்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்று மாலையில் முதல் தடவை.

"உந்தச் சால்வையைத் தாங்கோ. குளிருது," என்றார்.

மஃப்ளருக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். விரித்துத் தலையையும் தோளையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டார். விளக்கு வெளிச்சத்தில் சரிகை மின்னியது.

"கவனம்," என்றார் செல்வரத்தினம். "இதையும் குறிப்பிலை எழுதப் போகினம்."

வீட்டுக்கு வந்து செந்திலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சால்வை விஷயத்தை அவனிடம் மறைக்கவில்லை. மேயரே மன்றத்தில் சொன்ன பிறகு நான் மறைத்து என்ன ஆகப்போகிறது. அவன் நெற்றியில் கைவைத்துக்கொண்டான். மருமகள்தான், "மாமா, அன்ரி நிஜமாவே உங்க அம்மாக்களைன்னு சொன்னாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணி, ஐந்து டிகிரி. அறிவிப்பைக் கிழித்திருந்தார்கள், பசையின் தடம் மட்டும் கதவில் இருந்தது. வேன்காரர் கழுவிவிட்டுப் போயிருந்தார், தரை ஈரம். பரிமளம் அரக்கு நிறப் பொன்னாடையோடு இரண்டு சுற்று நடந்தார், உள்ளே போய்வந்தார், இன்னும் இரண்டு சுற்று நடந்தார்.

கணக்கு எழுதாமல் நான் எதையும் முடிப்பதில்லை. நூலகத்தில் ஒன்பது பக்கம் அச்செடுத்த வகையில் ஒரு டாலர் எண்பது சென்ட். பேருந்தும் ரயிலும், பிளாக்டவுனுக்குப் போன தண்டமும், அட்டையைத் தொட மறந்த தண்டமும் சேர்த்து இருபத்து மூன்று டாலர் நாற்பது. பொன்னாடை முப்பத்தைந்து. இதை அன்பளிப்பு என்று எழுதியிருந்தால் நானே தடை எழுதியிருப்பேன். குளிர்காலத் துணி என்று எழுதியிருக்கிறேன். நம் காசில் எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்கக்கூடாது என்பது மகனின் உத்தரவு.

ஆக மொத்தம் அறுபது டாலர் இருபது சென்ட்.